செம்மஞ்சள் விளக்கின் எச்சரிக்கை

'சர்வர் வேலை செய்யவில்லை' என்று அலுவலகங்களில் திருப்பி அனுப்பப்படாதவர் நம்மில் அரிது. அந்த முடக்கங்களில் சிலவற்றை சர்வரின் முகப்பிலுள்ள சிறு விளக்குகள் முன்கூட்டியே அறிவித்திருக்கும். அவற்றைக் கவனிக்கத்தான் ஆள் இருந்திருக்காது.

வன்தட்டின் பச்சை விளக்கு சிமிட்டினால், தரவு எழுதப்படுகிறது அல்லது படிக்கப்படுகிறது என்று பொருள். ஆனால், நிறங்களின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டெல் சர்வர்களின் முகப்பில் நிலையாக எரியும் நீலம் நலத்தின் அறிகுறி. ஹெச்பி சர்வர்களில் அதற்குப் பச்சை. அங்கே நீலம், வரிசையாக நிற்கும் பெட்டிகளில் குறிப்பிட்ட ஒன்றை அடையாளம் காட்டுவதற்கானது. எனவே, கையேட்டைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் நம்பலாகாது.

சிவப்பைவிட நான் அதிகம் அஞ்சுவது செம்மஞ்சள் விளக்குக்குத்தான். 'ரெய்டு 5' முறையில் இணைக்கப்பட்ட வன்தட்டுகளில் ஒன்று பழுதானாலும் தரவு அழியாது, பணி தொடரும், பயனர் எதையும் உணரமாட்டார். பழுதான தட்டின் விளக்கு மட்டும் செம்மஞ்சளாக எரியும். அதை மாற்றிச் சீரமைப்பதற்குள் இன்னொரு தட்டும் பழுதானால், அந்தத் தொகுப்பிலுள்ள தரவு முழுவதும் பறிபோகலாம்.

சர்வர் முடங்கிவிட்டால் எல்லோரும் ஓடிவருவார்கள். 'ஓடிக்கொண்டுதானே இருக்கிறது' என்ற மெத்தனத்துக்கு இரையாவது செம்மஞ்சள் விளக்குதான். மக்களின் ஆவணங்களைக் காக்கும் ஒவ்வோர் அலுவலகமும் உதிரித் தட்டு ஒன்றைக் கையிருப்பில் வைத்து, அந்த விளக்கை நாள்தோறும் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். இழந்த ஆவணங்களை ஈடுசெய்வதைவிட இதற்காகும் செலவு மிகச் சிறிது.