ஒரே பைலில் நாலு பேர் கை வைத்தால்?

உங்கள் கம்ப்யூட்டரில் டாகுமெண்ட்ஸ் போல்டரைத் திறந்து பாருங்கள். ‘பயோடேட்டா’, ‘பயோடேட்டா புதியது’, ‘பயோடேட்டா பைனல்’, ‘பயோடேட்டா பைனல் 2’ என்று ஒரே பைலுக்கு நாலைந்து பிரதிகள் இருக்கின்றனவா? வெட்கப்பட வேண்டாம், எல்லோரிடமும் உண்டு. எது கடைசியாகத் திருத்தியது என்று ஒரு மாதம் கழித்து நமக்கே தெரியாது.

ஒருவர் மட்டும் கை வைக்கும் பைலுக்கே இந்தக் கதி. அப்படியானால் ஆயிரக்கணக்கான பைல்களைக் கொண்ட ஒரு சாப்ட்வேரைப் பல ஊர்களில் இருந்து பல பேர் எப்படிக் குழப்பம் இல்லாமல் எழுதுகிறார்கள்? நீங்கள் படம் பார்க்கும் வி.எல்.சி. பிளேயரும், கடிதம் டைப் செய்யும் லிப்ரே ஆபீஸும் அப்படி எழுதப்பட்டவைதான்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்கள் ஐந்து பேர் ஒரு பில்லிங் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். பைல்கள் எல்லாம் ஆபீஸ் நெட்வொர்க்கில் ஒரு பொது போல்டரில் இருக்கும். வேண்டியதை நம் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்து, வேலை முடிந்ததும் திரும்ப அங்கே போட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து சீட் நண்பரும் நானும் ஒரே பைலை எடுத்திருக்கிறோம். அவர் மாலை ஐந்து மணிக்குப் போட்டார். நான் ஐந்தரைக்குப் போட்டேன். ‘இதே பெயரில் ஒரு பைல் உள்ளது, அதை நீக்கி இதைப் போடவா?’ என்று விண்டோஸ் கேட்டது. யோசிக்காமல் சரி என்று கிளிக் செய்தேன். மறுநாள் காலை நண்பர் பொது போல்டரில் இருந்த பைலை, அதாவது என்னுடைய பைலை, தன் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டார். அதோடு அவரிடம் இருந்த பிரதியும் போயிற்று. திங்கள்கிழமை கஸ்டமர் போன் செய்து, ஒரு ரிப்போர்ட்டைக் காணவில்லை என்று சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. மூன்று நாள் வேலையை அவர் மறுபடி எழுதினார். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இந்த விபத்தைத் தடுக்கும் சாப்ட்வேர் வகைக்கு வெர்ஷன் கண்ட்ரோல் என்று பெயர். இது புதிய சங்கதி அல்ல. அமெரிக்காவின் பெல் லேப்ஸ் நிறுவனத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர் 1972லேயே இப்படி ஒன்றை எழுதினார். ஆரம்ப காலத்தில் வந்தவை பூட்டுச் சாவி முறையில் இயங்கின. ஒருவர் பைலை எடுத்தால் அது பூட்டப்படும். அவர் திருப்பித் தரும் வரை மற்றவர்கள் படிக்கலாம், திருத்த முடியாது. பத்திரமான வழிதான். ஆனால் பைலைப் பூட்டியவர் அக்கா கல்யாணத்திற்கு ஒரு வாரம் லீவில் போய்விட்டால்?

பின்னால் வந்தவை பூட்டைக் கைவிட்டு, வரிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறைக்கு மாறின. 300 வரிகள் உள்ள ஒரு பைலில் நீங்கள் 40வது வரியை மாற்றுகிறீர்கள், நான் 200வது வரியை மாற்றுகிறேன் என்று வைத்துக்கொள்வோம். நாம் இருவரும் எடுத்த பழைய பைலோடு நம் இரு பிரதிகளையும் ஒப்பிட்டு, இரண்டு மாற்றங்களையும் கொண்ட ஒரே பைலை சாப்ட்வேரே தயாரித்துவிடும். இதை மெர்ஜ் என்கிறோம். இருவரும் அதே 40வது வரியில் கை வைத்திருந்தால் அது தானாக முடிவு எடுக்காது. உங்கள் வரி இது, அவர் வரி இது என்று இரண்டையும் அடையாளமிட்டுக் காட்டிவிட்டு நின்றுவிடும். இதற்குக் கான்ஃப்ளிக்ட் என்று பெயர். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்துப் பயப்படுவார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். பக்கத்து சீட்டுக்கு எழுந்து போய்ப் பேச வைக்கிறதே!

இன்று இந்த வகையில் அதிகம் புழங்குவது கிட். இது பிறந்த கதை சுவையானது. லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை 1991ல் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பல வருடங்கள் மற்றவர்களின் திருத்தங்களை இமெயிலில் வாங்கித் தானே சேர்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் பெருகப் பெருக, அனுப்பிய திருத்தங்கள் தவறிப் போயின. 2002ல் பிட்கீப்பர் என்ற நிறுவனச் சாப்ட்வேருக்கு மாறினார்கள். லினக்ஸ்காரர்களுக்கு இலவச அனுமதி கிடைத்தது. ஒரு தகராறில் 2005ல் அந்த அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டது. டோர்வால்ட்ஸ் அந்த வருடம் ஏப்ரல் 3ம் தேதி கிட்டை எழுத உட்கார்ந்தார். 7ம் தேதி கிட்டின் பைல்களையே கிட்டுக்குள் வைத்துப் பராமரிக்கும் அளவுக்கு அது வேலை செய்தது! அதே ஜூலையில் ஜூனியோ ஹமானோ என்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். இன்றும் அவர்தான் கவனித்துக்கொள்கிறார்.

கிட்டில் மாற்றங்களைப் பதிவு செய்வதைக் கமிட் என்பார்கள். யார், எப்போது, என்ன மாற்றினார் என்பதோடு, ஏன் மாற்றினார் என்று ஒரு குறிப்பும் எழுத வேண்டும். லிப்ரே ஆபீஸ் குழுவினர் பிழைகளுக்கு எல்லாம் எண் கொடுத்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஒரு பிழையைத் திருத்துபவர் அந்த எண்ணைக் கமிட் குறிப்பின் தொடக்கத்தில் எழுதுவார். இந்த வரி எதற்காக இங்கே வந்தது என்று பத்து வருடம் கழித்துப் பார்ப்பவரும் தெரிந்துகொள்ளலாம்.

பதிவு ஒழுங்காக இருந்தால் இன்னொரு வசதி கிடைக்கும். போன மாதம் நன்றாக வேலை செய்த புரோகிராம் இன்று தகராறு செய்கிறது, இடையில் 1000 கமிட்கள் நடந்துள்ளன என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கமிட் குற்றவாளி? நடுவில் உள்ள 500வது கமிட்டை எடுத்து இயக்கிப் பாருங்கள். அதில் பிழை இல்லை என்றால் குற்றவாளி பின்பாதியில் இருக்கிறது. மறுபடி பாதி, மறுபடி பாதி. சுமார் பத்தே சோதனையில் பிடித்துவிடலாம். கிட்டில் இதற்கென்றே பைசெக்ட் என்ற கட்டளை உள்ளது. இரவு பத்து மணிக்கு ஆபீஸில் உட்கார்ந்து இதைப் பயன்படுத்தியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நீங்களும் வீட்டில் முயன்று பார்க்கலாம். விண்டோஸுக்கான கிட் இலவசம். இன்ஸ்டால் செய்தபின் ஸ்டார்ட் மெனுவில் கிட் ஜி.யு.ஐ. என்பதைத் திறந்து, ‘கிரியேட் நியூ ரெப்பாசிட்டரி’ என்பதில் கிளிக் செய்து உங்கள் போல்டரைக் காட்டுங்கள். எடிட் மெனுவில் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று உங்கள் பெயரையும் இமெயில் முகவரியையும் தந்துவிடுங்கள். பின் ஒவ்வொரு முறையும் ‘ஸ்டேஜ் சேஞ்ச்டு’ பட்டனை அழுத்தி, ஒரு வரிக் குறிப்பு எழுதி, ‘கமிட்’ பட்டனை அழுத்தினால் போதும். நோட்பேடில் எழுதும் பைல்களுக்கும் புரோகிராம்களுக்கும் இது மிகப் பொருத்தம். வேர்ட் பைல்களையும் சேமிக்கும். ஆனால் அவற்றில் இருவர் செய்த மாற்றங்களைக் கிட் தானாக இணைத்துத் தராது.

கிட்டும் கிட்ஹப்பும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். கிட் உங்கள் கம்ப்யூட்டரில் இயங்குவது. கிட்ஹப் 2008ல் தொடங்கிய இணையதளம்; 2018 முதல் மைக்ரோசாப்ட் வசம் உள்ளது. கிட்டில் பதிவானவற்றை அங்கே ஏற்றி மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். ஏற்றும் முன் ஒன்றைக் கவனியுங்கள். பாஸ்வேர்ட் உள்ள பைலைத் தெரியாமல் கமிட் செய்துவிட்டு மறுநாள் அழித்தாலும், பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். பொதுவில் ஏற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும் தோண்டி எடுக்கலாம். அப்படி ஆகிவிட்டால் பைலோடு போராடிக்கொண்டிருக்காமல் உடனே அந்தப் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.