பருப்புக்கீரை: பால் வருகிறதா என்று பாருங்கள்

கோடை விடுமுறையில் பள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ரோஜா காய்ந்து நிற்கும். யாரும் நடாத பருப்புக்கீரையோ சுவரோரம் பசுமையாகப் படர்ந்திருக்கும். நீரைத் தண்டிலும் இலையிலும் சேமித்து வைக்கும் சதைப்பற்றுத் தாவரம் அது.

வளர்ப்பதற்கு முன் மாணவர்கள் அதை அடையாளம் காணப் பழக வேண்டும். இது உண்ணும் கீரை என்பதால், ஆள் மாறினால் ஆபத்து. சித்திரப்பாலாடையும் இதே போல் செந்நிறத் தண்டோடு தரையில் ஒட்டிப் படரும். தண்டைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். அந்தப் பால் தோலையும் கண்ணையும் உறுத்தும். பருப்புக்கீரையைக் கிள்ளினால் தெளிந்த நீர்தான் கசியும். தண்டும் உருண்டு சதைப்பற்றாக, ரோமமின்றி வழவழப்பாக இருக்கும். கிள்ளிப் பார்த்த கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாரணையோடும் குழப்பம் வரும். அதில் எதிரெதிரே உள்ள இரண்டு இலைகளில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. பூ வெளிர் இளஞ்சிவப்பு, இலைக்கோணத்தில் ஒட்டியிருக்கும். பருப்புக்கீரையின் பூ மஞ்சள், பெரும்பாலும் ஐந்து இதழ். வெயில் ஏறும்போது விரிந்து சில மணி நேரத்தில் மூடிவிடும். காய் முற்றியதும் மேற்பாதி மூடி போலக் கழன்று கரிய விதைகள் கொட்டும். கைலென்சில் இதைக் காட்டினால் வகுப்பே கூடிவிடும். வீடுகளில் பூவுக்காக வளர்க்கும் டேபிள் ரோஸ் இதன் உறவுதான். அதன் இலை ஊசி போல் உருண்டிருக்கும்.

வளர்ப்பது எளிது. விரல் நீளத் தண்டை வெட்டி, வெட்டுவாய் உலர அரை நாள் நிழலில் வைத்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். பழைய எண்ணெய் கேன் போதும், அடியில் துளை இருக்கட்டும். விதைத்தால் மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவுங்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும். மண் காய்ந்த பிறகே தண்ணீர். அக்கறை மிகுந்து தினமும் ஊற்றினால் தண்டு அழுகிவிடும். பிடுங்கிப் போட்ட செடியும் மீண்டும் வேர்விடும் என்பதால் காய்கறிப் பாத்திக்குள் விடாதீர்கள்.

பதினோராம் வகுப்பில் சி4 வழித்தடத்துக்கு மக்காச்சோளத்தையும், இரவில் கார்பன் டைஆக்சைடை ஏற்கும் சிஏஎம் முறைக்கு அன்னாசியையும் சொல்கிறோம். பருப்புக்கீரை ஒரே இலையில் இரண்டையும் செய்கிறது. நீர் இருக்கும்போது சி4. வறண்டால் சிஏஎம் முறையும் சேர்ந்துகொள்கிறது. இரவில் மாலிக் அமிலம் சேர்வதால், வறட்சிக் காலத்தில் விடியற்காலையில் பறித்த கீரை மாலையில் பறித்ததைவிடப் புளிக்கும்.

பருப்போடு சேர்த்துக் கடைவது வழக்கம். ஆக்சலேட் அதிகம் உள்ளதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். கழிவுநீர் ஓடும் இடத்திலும் பூச்சிமருந்து அடித்த வயலோரத்திலும் பறிக்க வேண்டாம். கேனில் வளர்ந்ததே பிள்ளைகள் வீட்டுக்குப் போகட்டும்.