பட்டனை அமுக்கினால் ஃபாரம் ஏன் உறைகிறது?

புராஜெக்ட் வைவாவில் பட்டனை அமுக்கியதும் திரை அப்படியே நின்று, பலருக்கும் வேர்த்துக் கொட்டியிருக்கும். கம்ப்யூட்டரைத் திட்டாதீங்க!

மவுஸ் கிளிக், கீபோர்டு, திரையைத் திரும்ப வரைதல் எல்லாமே மெசேஜ்களாக வரிசையில் நிற்கும். ஒரே த்ரெட்தான் அவற்றை ஒவ்வொன்றாகக் கவனிக்கிறது. பத்தாயிரம் ரெக்கார்டைத் தேடும் லூப்பையும் அதன் தலையிலேயே கட்டினால், வரிசை எப்படி நகரும்?

நம்ம ஊர் கோர்வைத் தறியைப் பாருங்கள். உடல் நாடாவை நெசவாளர் வீச, கரை நாடாவுக்குப் பக்கத்தில் துணை ஆள். அதுபோல நீண்ட வேலையைத் தனி த்ரெட்டிடம் கொடுங்கள். 2005-ல் வந்த டாட்நெட் 2.0-இன் பேக்ரவுண்ட்வொர்க்கர் இதற்கென்றே உள்ளது. ஆனால் திரையில் எழுதுவதை முதல் த்ரெட்டே செய்யட்டும்.

1998-இன் பழைய விஷுவல் பேசிக் 6 என்றால், லூப்புக்குள் டூஈவன்ட்ஸ் எழுதலாம். முதலில் பட்டனை டிஸேபிள் பண்ணிடுங்க. இல்லாவிட்டால் அடுத்த கிளிக்கில் அதே வேலை மறுபடி தொடங்கிவிடும்.

அப்புறம் வைவாவில் வேர்க்காது!