ரூபாய் சரியும்போது யார் தலையில் சரிகிறது?



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் பணம். இலக்கிய மேடையில் டாலர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். மல்லாங்கிணற்றில் உட்கார்ந்துகொண்டு கொழும்பைப் பற்றிப் பேசுவானேன் என்றும் கேட்கலாம். 1985-ல் மாவட்டம் பிரியும் வரை நாம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். அந்த மாவட்டத்திலிருந்தும் மதுரை, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்தும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதி நம் சனங்கள். 2022-ல் இலங்கை திவாலானபோது அதிகம் அடிபட்டவர்களில் அவர்களுடைய பேரன் பேத்திகளும் உண்டு. ஆகவே இது நம் வீட்டுக் கணக்கு.

எது பணக்கார நாடு?

பக்கத்துப் பக்கத்து நாடுகளில் ஒன்றைப் பணக்கார நாடு, மற்றதை ஏழை நாடு என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பாடப்புத்தகம் தலைக்கு வருமானத்தைக் காட்டும். அந்தக் கணக்குப்படி 2019-ல் இலங்கைதான் பணக்கார நாடு. அங்கே ஆளுக்கு ஆண்டு வருமானம் சுமார் 4000 டாலர். இந்தியாவில் சுமார் 2000. எழுத்தறிவிலும் ஆயுளிலும் இலங்கையே முன்னே நின்றது. மூன்றே ஆண்டில் நிலைமை தலைகீழானது. 2022-ல் இந்தியா ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் உதவியும் கொடுக்க, இலங்கை அதை வாங்கி டீசலும் அரிசியும் மருந்தும் இறக்கியது.

இது எப்படி நடந்தது? நம் ஊர் வழக்கத்தில் சொல்கிறேன். காரை வீடு, பிள்ளைகள் கல்லூரியில், வருமானமும் பரவாயில்லை என்று ஒரு குடும்பம் இருக்கிறது. ஆனால் வாங்கிய கடனை வேறோர் ஊர்க் காசில்தான் கட்ட வேண்டும். அந்தக் காசை அவர்களால் அச்சடிக்க முடியாது. வெளியூர்க்காரன் வந்து சரக்கு வாங்கினால்தான் கிடைக்கும். வியாபாரம் நின்ற மாதம், காரை வீடு இருந்தும் அடுப்பு எரியாது. நாடுகளுக்கு அந்த வெளியூர்க் காசுதான் டாலர். கையிருப்பில் இருக்கும் டாலரைத்தான் அந்நியச் செலாவணி இருப்பு என்கிறோம்.

இலங்கைக்கு டாலர் வந்த வழிகள் சுற்றுலா, தேயிலை, ஆயத்த ஆடை, வளைகுடாவில் உழைப்போர் அனுப்பும் பணம். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பிலும் பிறகு கொரோனாவிலும் சுற்றுலா படுத்தது. 2019 இறுதியில் புதிய அரசு வரிகளைப் பெருமளவு குறைத்ததால் அரசின் வருவாய் சுருங்கியது. டாலர் பத்திரங்களுக்கான தவணையோ நிற்கவில்லை. 2019 முடிவில் சுமார் 760 கோடி டாலர் இருந்த கையிருப்பில், 2022 மே மாதம் செலவழிக்கக்கூடியது 5 கோடி டாலர்கூட இல்லை என்று நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அதற்கு முன்பே, ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்துவிட்டது. அப்போது இந்தியாவின் கையிருப்பு சுமார் 60,000 கோடி டாலர்.

இதை வைத்து நாம் மார்தட்ட வேண்டியதில்லை. 1991-ல் இந்தியாவிடம் இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் டாலர் இருந்தது. 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தோம். ஜூலை மாதம் இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தோம். இரு நாடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி நிலையானதல்ல. நெருக்கடிக்கு நெருக்கடி அது திசை மாறும். திசை எப்படி மாறினாலும் நட்டத்தைச் சுமப்பவர்கள் மட்டும் ஏன் மாறுவதில்லை என்பதே என் கேள்வி.

அம்பேத்கர் போட்ட கணக்கு

இந்தக் கேள்விக்கு விடை தேட நமக்கு வழிகாட்டுபவர் அம்பேத்கர். 1923-ல் லண்டனில் அவர் வெளியிட்ட ஆய்வு நூலின் பொருள் ரூபாய். 1925-ல் இந்திய நாணயம் பற்றி விசாரித்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியமும் அளித்தார். அன்று நடந்த விவாதம் ரூபாய்க்கு எத்தனை பென்ஸ் என்பது. ரூபாயின் மதிப்பைக் குறைத்தால் ஏற்றுமதி பெருகும், நாட்டுக்கு லாபம் என்று வணிகத் தரப்பு வாதிட்டது.

அம்பேத்கர் அங்கேதான் நிறுத்திக் கேட்டார்: அந்த லாபம் எங்கிருந்து வருகிறது? வெளிநாட்டிலிருந்து வருவதில்லை என்றார். நாணயம் சரிந்தால் விலை ஏறும். கூலி அதே வேகத்தில் ஏறாது. விலைக்கும் கூலிக்கும் நடுவே விழும் அந்த இடைவெளிதான் ஏற்றுமதியாளரின் லாபம். ஒரு நாட்டுக்குள்ளேயே ஒரு வர்க்கத்திடமிருந்து எடுத்து இன்னொரு வர்க்கத்துக்குக் கொடுப்பதை நாட்டின் ஆதாயம் என்று சொல்லக் கூடாது என்பது அவர் வாதம்.

நூறாண்டு கழித்து இந்த வாதத்தை நுவரெலியாவிலும் ஹட்டனிலும் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

தேயிலை டாலரில், கூலி ரூபாயில்

2021 மார்ச்சில், நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு, தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1000 இலங்கை ரூபாய் ஆனது. அன்று ஒரு டாலர் சுமார் 200 ரூபாய். அதாவது நாளுக்கு 5 டாலர். 2022 நடுவில் டாலர் சுமார் 360 ரூபாய்க்குப் போனது. கூலி அதே 1000. அதாவது 3 டாலருக்கும் கீழே. யாரும் கூலியைக் குறைத்து உத்தரவு போடவில்லை. ஆனாலும் கூலி குறைந்துவிட்டது. 2022 செப்டம்பரில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியிருந்தது. உணவு விலை ஏறத்தாழ இரு மடங்கு. தோட்டத்து லயங்களில் அன்றாடச் சாப்பாடு ரொட்டி. அதற்கான கோதுமையோ இறக்குமதி.

இப்போது தேயிலையைப் பாருங்கள். அது டாலரில் விற்கிற சரக்கு. கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோவின் சராசரி விலை, ரூபாய்க் கணக்கில், 2021-ஐவிட 2022-ல் இரு மடங்கானது. நியாயமாகச் சொன்னால் அத்தனையும் லாபமல்ல. எரிபொருளும் உரமும் விலை ஏறின. 2021-ல் அரசு ஒரே இரவில் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததன் விளைவாக விளைச்சலும் விழுந்தது: சுமார் 30 கோடி கிலோ இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டு சுமார் 25 கோடி கிலோ. ஆனால் அந்தச் சரிவிலும் ஒரு பங்கு தொழிலாளியின் கூடைக்கே வந்தது. உரமில்லாத செடியில் கொழுந்து குறையும். தோட்டம் கேட்கும் 18, 20 கிலோவை எடுக்க முடியாதவருக்கு 'அரைப் பேர்' போடுவார்கள்; அதாவது அரை நாள் கூலி.

கூலி 1350 ரூபாய் ஆனது 2024 செப்டம்பரில்தான். அன்றைய விலையில் அது 4.50 டாலர். மூன்றரை ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகும் பழைய 5 டாலரைத் தொடவில்லை.

மீட்பு நடவடிக்கையும் இதே திசையில்தான் போனது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. அதற்காக வரி வருவாயைக் கூட்ட வேண்டியிருந்தது. 2022 மே மாதம் வரை 8 சதவீதமாக இருந்த மதிப்புக்கூட்டு வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகள் வைத்திருந்த கருவூலப் பத்திரங்களுக்கு விலக்கு கிடைத்தது. தொழிலாளர் சேமநிதி வைத்திருந்த பத்திரங்களுக்குக் கிடைக்கவில்லை. தொழிலாளியின் முதுமைக்காலச் சேமிப்பு நாட்டின் கடனுக்குத் தோள் கொடுத்தது.

எல்லை எந்தப் பக்கம் திறக்கும்?

இந்த மக்கள் அங்கே போனதே இன்னொரு இடைவெளியால். 1876-78 பஞ்சத்தில் தமிழ் மாவட்டங்கள் செத்துக்கொண்டிருந்தபோது இலங்கைத் தோட்டம் கூலி தரும் இடமாக இருந்தது. அழைத்துப் போனவர் கங்காணி. கடனும் கூடவே போனது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால் கடனைக் குறித்த 'துண்டு' வேண்டும். 1921-ல்தான் அந்த முறை ஒழிந்தது. கங்காணி பெரும்பாலும் மேல்சாதி, கூலி பெரும்பாலும் நம்மவர். சாதி கடல் தாண்டாது என்பது சாத்திரக்காரர் பேச்சு. அது கடனோடு சேர்ந்து கப்பல் ஏறியது.

நெருக்கடி வரும்போது இவர்களுக்கு என்ன நடந்தது? 1930-களின் உலகப் பெருமந்தத்தில் ரப்பர் விலை விழுந்ததும் மலாயாவிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். இலங்கையில் தோட்டக் கூலி வெட்டப்பட்டது. 1948-ல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்தார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1973-74-ல் இலங்கையில் டாலர் தட்டுப்பாடு வந்து ரேஷன் சுருங்கியபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன.

2022 மார்ச் 22 அன்று, நெருக்கடி தாங்காமல் இலங்கைத் தமிழர் 16 பேர் படகில் ராமேஸ்வரம் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்தவர்களைத் தங்கவைத்த இடம் மண்டபம் முகாம். நூறாண்டுக்கு முன் இலங்கைக்குப் போகும் கூலிகளைத் தடுத்து வைத்து நோய் சோதித்து அனுப்பியதும் அதே மண்டபத்தில்தான். பணம் எந்தப் பக்கம் பாய்ந்தாலும் ஏழை காத்திருக்கும் கொட்டகை ஒன்றாகவே இருக்கிறது.

தமிழ்நாடு அந்த மே மாதம் செய்ததையும் மறக்கக் கூடாது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, மருந்துகள் என 123 கோடி ரூபாய்க்கு உதவி அறிவித்து முதல் கப்பலை அனுப்பியது. பசித்தவனுக்கு அரிசி பெரிய விஷயம். ஆனால் அரிசி ஒரு மாதத்தை நகர்த்தும். கூலிக்கும் விலைக்கும் நடுவே உள்ள பள்ளத்தை அது மூடாது.

நம் வேலை

இந்தப் பள்ளம் நம் தெருவிலும் உண்டு. பட்டாசுக்குத் திரி வைப்பதும் தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்குவதும் பீஸ் ரேட் வேலை. இந்தியா கச்சா எண்ணெயில் ஏறத்தாழ 85 சதவீதத்தை இறக்குமதி செய்கிறது. சமையல் எண்ணெயிலும் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. டாலர் ஏறினால் அது பஸ் கட்டணமாகவும் பாமாயிலாகவும் இங்கே வந்து இறங்கும். பீஸ் ரேட் தானாக ஏறாது. முன்பணம் வாங்கியவர் ரேட்டைக் கூட்டிக் கேட்கத் தயங்குவார். நுவரெலியாவில் நடந்தது இங்கே நடக்க நாடு திவாலாக வேண்டியதில்லை.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலையை விட்டுச் செல்கிறேன். ஆளுக்கொரு நோட்டு எடுங்கள். உங்கள் தெருவில் ஒரு குரோஸ் வேலைக்கு என்ன ரேட், அரிசி, எண்ணெய், சிலிண்டர் என்ன விலை, முன்பணம் எவ்வளவு என்று மாதாமாதம் எழுதுங்கள். அன்றைய டாலர் விலையையும் பக்கத்தில் குறியுங்கள். அம்பேத்கர் தன் நூலில் விலைப் பட்டியலையும் கூலிப் பட்டியலையும் வைத்துக்கொண்டுதான் வாதாடினார். அடுத்த நெருக்கடி வரும்போது நாடு நட்டப்பட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். யாருக்கு எவ்வளவு நட்டம் என்று கேட்க அந்த நோட்டு நம் கையில் இருக்க வேண்டும்.