மின்சாரம் நின்றாலும் பாடம் நிலைக்க வேண்டும்

கொழுந்து நிறுத்து முடித்து லயத்துக்கு வந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் படுக்க வைத்த பின்னர்தான் ஒரு தோட்டப் பெண்ணுக்குத் தனக்கென்று சிறிது நேரம் கிடைக்கின்றது. பகலில் இணையத்தில் நடக்கும் வகுப்பில் அவளால் சேர முடியாது. கணனித் திரையில் நடந்த பாடத்தை அப்படியே பதிவுசெய்து கைத்தொலைபேசிக்கு அனுப்பினால் மாத்திரமே அவளுக்கு வகுப்பு.

2022ஆம் ஆண்டு ஹற்றனில் நாம் நடத்திய தையல் வகுப்பும் அத்தகையதே. கற்பித்தவர் கிளிநொச்சியில் வாழும் ஒரு சகோதரி. 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்ற குடும்பம் அவருடையது. யுத்தத்தில் கணவரை இழந்தவர். தையல் இயந்திரமே வருமானம். கையிலிருந்த வேலையை ஒதுக்கிவைத்து, சட்டைத்துணி வெட்டும் முறையை ஐம்பது நிமிடம் விளக்கினார். முடியும் தறுவாயில் எமது பக்கம் மின்சாரம் நின்றது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டோம். மின்சாரம் வந்தபின் பார்த்தால் கோப்பு இருந்தது; ஆனால் திறக்கவில்லை. அவரிடம் மீண்டும் ஒரு நாளைக் கேட்க எமக்கு நா எழவில்லை.

தவறு எங்கே?

வீடியோக் கோப்பு ஒரு பெட்டி. படமும் ஒலியும் அதனுள்ளே இருக்கும். எம்.பி.4, எம்.கே.வி. என்பன பெட்டியின் வகைகள். சாதாரண எம்.பி.4 கோப்பில், எந்தக் காட்சி எங்கே உள்ளது என்ற அட்டவணை, பதிவை நிறுத்தும்போதே எழுதப்படுகின்றது. அதற்குமுன் கணனி அணைந்தால், உள்ளே பாடம் இருந்தும் அதை வாசிக்க வழியில்லை. எம்.கே.வி. தேவையான விபரங்களைப் பதிவோடு பதிவாகவே எழுதிச் செல்லும். ஆகவே மின்சாரம் நின்ற கணம் வரையிலான பகுதி பெரும்பாலும் தப்பிவிடும்.

என்ன செய்யலாம்?

திரையைப் பதிவுசெய்ய ஓ.பி.எஸ். ஸ்ரூடியோ என்ற இலவச மென்பொருள் உண்டு. அதன் அமைப்புகளில் பதிவு வடிவமாக எம்.கே.வி.யைத் தெரிவுசெய்யுங்கள். பதிவு முடிந்தபின் அதே மென்பொருளின் 'ரீமக்ஸ்' வசதியால் எம்.பி.4 ஆக மாற்றலாம். பெட்டி மட்டுமே மாறுவதால் படத்தின் தரம் குறையாது. நேரமும் அதிகம் எடுக்காது.

மாற்றுவது ஏன்? எம்.கே.வி. எல்லாக் கைத்தொலைபேசிகளிலும் திறக்காது. படம் எச்.264, ஒலி ஏ.ஏ.சி. முறையில் உள்ள எம்.பி.4 பழைய தொலைபேசியிலும் ஓடும். புதிய எச்.265 முறை கோப்பைச் சிறிதாக்கும். ஆனால் பழைய தொலைபேசிகள் அதனோடு திணறும்.

அளவையும் கவனியுங்கள். செக்கனுக்கு 1 மெகாபிற் வேகத்தில் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7.5 மெகாபைற், 40 நிமிடப் பாடம் 300 மெகாபைற். டேற்றா அட்டையை எண்ணிப் பாவிக்கும் பெண்ணுக்கு இது பெருஞ்செலவு. அசைவு குறைந்த திரைக்குப் பாதி வேகமே பல வேளைகளில் போதும். பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்தால், சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று ஒவ்வொன்றாக இறக்கலாம்.

பதிவுசெய்ய முன்னர் பங்குபற்றுவோர் அனைவரிடமும் சம்மதம் கேளுங்கள். முகமோ பெயரோ வெளிவருவதை விரும்பாத பெண்கள் எம்மிடையே பலர்.

அந்தச் சகோதரி தாமாகவே மறுவாரம் மீண்டும் கற்பித்தார். அன்றும் முப்பதாவது நிமிடத்தில் மின்சாரம் நின்றது. ஆனால் முப்பது நிமிடப் பாடம் எம்மிடம் இருந்தது. மிகுதியை மட்டும் அவர் சொல்லி முடித்தார். சகோதரிகளே, நீங்களும் வகுப்புக்கு முன்னர் இரண்டு நிமிடம் பதிந்து, உங்களிடமுள்ள மிகப் பழைய தொலைபேசியில் போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால், லயத்தில் காத்திருப்பவளுக்கும் பாடம் போய்ச் சேரும்.