மளிகைக் கடையிலும் "வை-பை": கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வழி

கொரோனா காலம். பாடம் செல்போனில் நடந்தது. தமிழ்நாட்டில் 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவ-மாணவிகளுக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினம் 2 ஜி.பி. "டேட்டா" இலவசம் என்று அரசு அறிவித்தது.

பொம்மனஹள்ளியில் இருந்து கர்நாடகக் கல்லூரிகளுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அது இல்லை.

அவர்களுக்கு என்ன வழி?

மத்திய அரசு 2020 டிசம்பரில் அனுமதித்த "பி.எம்.வாணி" திட்டம் இருக்கிறது. டீக்கடை, மளிகைக்கடைக்காரர்களும் லைசென்சு இல்லாமல் "வை-பை" கொடுக்கலாம். பதிவுக் கட்டணமும் கிடையாது. பழைய எஸ்.டி.டி. "பூத்" மாதிரிதான், மாணவர் சிறு தொகை கட்டினால் போதும்.

லைன் கட்டணம்தான் தடையாக இருந்தது. வீட்டு இணைப்புக் கட்டணத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2025 ஜூனில் "டிராய்" உத்தரவிட்டது.

ஓசூர் ரோட்டுத் தமிழ்க் கடைக்காரர்கள் முன்வரலாமே!