நெகட்டிவைத் தொடும் கைக்கு எந்த உறை?

மூணாற்றில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு டாப் ஸ்டேஷன் வரை அது போகும். அங்கிருந்து பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி தமிழகப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் போய்ச் சேரும். 1924 ஜூலை வெள்ளம் அந்தக் குண்டலா பள்ளத்தாக்கு ரயில்பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. மலையாள ஆண்டு 1099இல் வந்ததால் அதற்குத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று பெயர். பாதையை யாரும் திரும்பப் போடவில்லை. அந்த ரயிலை இன்று நம் கண்முன் நிறுத்துபவை பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். 2024இல் வெள்ளத்தின் நூற்றாண்டு வந்தபோது பலரும் அவற்றை மீண்டும் தேடினார்கள்.

அந்தத் தேடல் கடைசியில் வீட்டுப் பரணில்தான் போய் நிற்கும். தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட் லயங்களில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பாலக்காட்டுப் பக்கம் சித்தூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ மூடிப்போன ஸ்டூடியோவின் அலமாரி இருக்கும். திறந்தால் கட்டுக்கட்டாக நெகட்டிவ்கள். அவற்றை வெறுங்கையால் தொடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். சரி, எந்தக் கையுறை?

தொலைக்காட்சி இதற்கு வெள்ளைப் பருத்திக் கையுறை என்று பதில் சொல்லும். ஆவணக் காப்பகம் பற்றிய காட்சி எதுவானாலும் அதில் ஒரு வெள்ளைக் கை வந்துவிடும். பழைய புத்தகங்களைப் புரட்ட அது தேவையில்லை, சுத்தமாகக் கழுவிய கையே மேல் என்று கேத்லீன் பேக்கர், ராண்டி சில்வர்மன் என்ற இரு பாதுகாப்பு வல்லுநர்கள் 2005இல் விரிவாக எழுதினார்கள். ஆனால் புகைப்படம் வேறு ரகம். அதற்கு உறை வேண்டும். ஏன் வேண்டும் என்பதில்தான் இந்த விஷயத்தின் அழகே இருக்கிறது.

நெகட்டிவைக் கூழ் வடாம் என்று வைத்துக்கொள்ளலாம். அடியில் விரித்த வேட்டிதான் பிலிம். அதன்மேல் ஊற்றிக் காயவைத்த கூழ் ஜெலட்டின் படலம். அது தலைமுடியைவிட மெல்லியது. கூழில் தூவிய சீரகம் போல ஜெலட்டினுக்குள் வெள்ளித் துகள்கள் புதைந்திருக்கின்றன. படம் என்பது அவைதான். காய்ந்த வடாம் மொறுமொறுவென்று இருக்கும். வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் இளகிக் கழன்று வரும். ஜெலட்டினும் ஈரம் பட்டால் ஊதி இளகும். மழைக்காலத்தில் மூடிவைத்த வடாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பூசணம் பிடிப்பதுபோல, மூணாற்றுத் தென்மேற்குப் பருவத்தில் அடுக்கிவைத்த நெகட்டிவ்களும் ஒட்டும், பூக்கும். இரண்டுக்கும் ஒரே வித்தியாசம், வடாத்தின் சீரகம் உப்புப் பட்டால் மாறாது. நெகட்டிவின் வெள்ளி மாறும்.

நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த வெள்ளித் துகள் உருண்டையாக இராது. பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளைப்போல நுண்ணிழைகள் சிக்கிக் கிடக்கும். அளவுக்கு மீறிய மேற்பரப்பு இருப்பதால் எந்த வேதிப்பொருளும் அதை எளிதில் தாக்கும். இப்போது ஒரு விரல் அதன்மேல் படுகிறது. விரல் நுனியில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. முகத்தையோ தலையையோ தொட்டதால் ஏறிய பிசுக்குதான் அங்கே இருக்கும். வியர்வைச் சுரப்பிகளோ நெருக்கமாக நிறைந்திருக்கின்றன. வியர்வையில் நீர், சோடியம் குளோரைடு, லாக்டிக் அமிலம், யூரியா எல்லாம் உண்டு. நீர் ஜெலட்டினை இளக்கி வழிவிடுகிறது. காற்றின் ஆக்சிஜன் வெள்ளியிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கிறது. பிரிந்த வெள்ளி அயனியைக் குளோரைடு பிடித்துக்கொள்கிறது. கிடைப்பது சில்வர் குளோரைடு.

புகைப்படக் கலை தொடங்கியதே இந்தச் சில்வர் உப்புகளில்தான். தொழிற்சாலையில் வெள்ளியை உப்பாக்கிப் பிலிமில் பூசுகிறார்கள். ஒளியும் டெவலப்பரும் சேர்ந்து அந்த உப்பைத் திரும்ப வெள்ளியாக்குகின்றன. மிச்ச உப்பை ஹைப்போ கழுவி எடுக்கிறது. ஒரு விரலின் வியர்வை இத்தனையையும் தலைகீழாக ஓட்டுகிறது. கைபட்ட அன்று ஒன்றும் தெரியாது. ஆண்டுகள் கழிந்த பின் மணப்பெண்ணின் கன்னத்தில் யாரோ ஒருவருடைய ரேகை, வரி வரியாக, பழுப்பாக எழும்பி நிற்கும்.

ஆக, உறையின் முதல் வேலை வியர்வையைத் தடுப்பது. பருத்தி இதில்தான் தோற்கிறது. பாலக்காட்டுச் சித்திரை வெயிலில் அரைமணி நேரம் வேலை செய்தால் வியர்வை துணியில் ஊறி மறுபக்கம் வந்துவிடும். துணியின் நூல்பிசிறு படத்தில் ஒட்டும். விளிம்பில் செதில் செதிலாக எழும்பிய ஜெலட்டினை அது கொக்கிபோல் பிடித்து இழுக்கும். பழைய கண்ணாடி நெகட்டிவ் என்றால் கையிலிருந்து வழுக்கும்.

அப்படியானால் ரப்பர் கையுறையா? இடுக்கி மலையடிவாரத்துக்காரர்களுக்கு இந்த யோசனைதான் முதலில் வரும். பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் 1902இல் ரப்பர் தோட்டம் போட்ட மண் அது. ஆனால் ரப்பர் பால் அப்படியே கையுறை ஆகிவிடாது. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்ட வழியில், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் அது மீள்தன்மையும் உறுதியும் பெறும். கந்தகம் வெள்ளியை என்ன செய்யும் என்பதற்குக் கறுத்துப்போன கொலுசே சாட்சி. கையுறையில் மிஞ்சிய கந்தகச் சேர்மங்களும் வெள்ளியைச் சில்வர் சல்பைடாக்கக் கூடியவை. சில ரகங்களில் உள்ளே தூவும் சோள மாவு ஈரப் பகுதியில் பூஞ்சைக்கு நல்ல தீனி. மருத்துவத்திலேயே மாவுக் கையுறைகளை அமெரிக்கா 2017 முதல் தடை செய்துவிட்டது. மலிவான வினைல் உறையிலோ பிளாஸ்டிக்கை நெகிழ்த்தச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் கசியும்.

மிஞ்சுவது மாவில்லாத நைட்ரைல். வியர்வை ஊடுருவாது, நூல் உதிராது, கையோடு ஒட்டி நிற்பதால் மெல்லிய பிலிமின் ஓரமும் விரலுக்குத் தெரியும். புளித்த காடி வாடை அடிக்கும் அசிட்டேட் பிலிமிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் தொடுபவரின் தோலையும் காக்கும். அதற்காகப் பெட்டியில் ‘நைட்ரைல்’ என்று இருந்தால் போதும் என்று நம்பிவிட முடியாது. நைட்ரைலையும் பெரும்பாலும் கந்தகமும் அதன் வேலையை விரைவாக்கும் முடுக்கிகளும் சேர்த்துத்தான் பதப்படுத்துகிறார்கள். கந்தகமும் முடுக்கியும் சேர்க்காத ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். ‘ஆய்வகத் தரம்’ போன்ற பெரிய எழுத்துகள் வெள்ளியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

வெள்ளியிடமே கேட்கும் சோதனை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973இல் வெளியிட்டது. சந்தேகப்படும் பொருளின் துண்டையும் துலக்கிய வெள்ளித் தகட்டையும் சொட்டு நீரோடு கண்ணாடிக் குப்பியில் அடைத்து, 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைக்கிறார்கள். தகடு கறுத்தால் அந்தப் பொருள் அருங்காட்சியகத்தின் காட்சிப் பேழைக்குள் நுழையக் கூடாது; கையுறையிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்மப்படுத்தியிருக்கிறது. மலைக்குக் கேரளப் பக்கத்துப் பெட்டிகளில் இருப்பதும் அதே சரித்திரத்தின் மிச்சம்தான். வீட்டில் செய்பவருக்குத் தேவை நூறு கையுறைகள் கொண்ட ஒரு பெட்டி, நல்ல வெளிச்சம், பொறுமை. மழை விட்ட மாதத்தில், உலர்ந்த நாளில் தொடங்கலாம். நெகட்டிவை ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். மூக்கைச் சொறிந்தாலோ கைபேசியைத் தொட்டாலோ உறையை மாற்ற வேண்டும். ஒட்டிப்போனவற்றைப் பிரிக்காமல் அப்படியே தனியே எடுத்து வைத்து, தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காகித உறை; யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைப் பென்சிலால் அதன்மேல் எழுதிவிட்டு அப்புறம் நெகட்டிவை உள்ளே நுழைக்கலாம். பிறகு எழுதினால் பென்சில் முனை ஜெலட்டினில் பதியும்.